எஃப்4 தட்டினால் எல்லாம் ஒரே சைஸ்

கோரல் டிராவில் எஃப்4 தட்டினால் வரைந்து வைத்ததெல்லாம் திரை நிறைய வந்து நிற்கும். ஊறுகாய் பாட்டில் லேபிளும் அப்படித்தான் நிற்கும், கல்யாண மண்டபத்து வாசலுக்கான இருபதடி ஃபிளெக்ஸும் அப்படித்தான் நிற்கும். இரண்டுக்கும் மானிட்டரில் ஒரே இடம், ஒரே மரியாதை. டிசைன் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கருவிகளை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஷேப் டூல், பவர் கிளிப், நிழல் போடுவது எல்லாவற்றையும் யூடியூபே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. கடைசிவரை தண்ணி காட்டுவது அளவுதான். ‘இது அச்சாகி வந்தா எவ்வளவு பெருசா இருக்கும்?’ என்று கேட்டால், மேலே பட்டையில் இருக்கும் எண்ணைப் படித்து 60 மி.மீ. என்பார்கள். சரி, கையால் காட்டு என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு கையையும் விரிப்பார்கள். அந்த அகலம் பெரும்பாலும் மானிட்டரின் அகலமாக இருக்கும்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. காகிதத்தில் பென்சில் பிடித்து வரைந்தவனுக்குக் காகிதமே அளவுகோல். அது அவன் கைக்குள் இருந்தது, முழங்கைக்குக் கீழே மேஜைமேல் கிடந்தது. திரைக்குள் இருப்பது வெறும் விகிதம். இது அதைவிட இரண்டு மடங்கு, அது இதில் பாதி என்பது மட்டும்தான் அங்கே உண்மை. ஆட்டோகேடின் ஆரம்ப காலத்தில் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வாக்கர் வரைந்த மாதிரிப் படம் ஒன்று பிரபலம். சூரியக் குடும்பம் முழுவதும் அசல் அளவில் ஒரே கோப்புக்குள் இருக்கும். ஜூம் செய்துகொண்டே போனால் நிலவில் இறங்கிய கலத்தின் காலில் பதித்த பலகையின் எழுத்தைப் படிக்கலாம். கம்ப்யூட்டருக்குப் பெருமை. கண்ணுக்கோ, இரண்டும் அதே ஒன்றரை அடிக் கண்ணாடிதான்.

நான் இதைச் சொல்லிக்கொடுக்கிற விதம் ஒன்று உண்டு. ஜூம் என்பதை ‘பெரிசாக்குறது’ என்று நினைக்காதே, ‘கிட்டப் போறது’ என்று நினை. மானிட்டருக்கும் உன் கண்ணுக்கும் 60 செ.மீ. என்று வைத்துக்கொள். பொருளை அசலைப்போல் மூன்று மடங்காகக் காட்டினால், அச்சான அசலை 20 செ.மீ. தூரத்தில் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பதும் அதுவும் ஒன்று. எட்டு மடங்கு என்றால் ஏழரை சென்டிமீட்டர், அதாவது மூக்குநுனியைத் தாண்டிக் கொஞ்ச தூரம். மானிட்டர் தூரத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் நீ இப்போது எங்கே நின்று பார்க்கிறாய் என்பது வந்துவிடும். அதன் பிறகு கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். வாங்குகிறவர் எங்கே நின்று பார்ப்பார்?

வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்கிற அக்கா ஒருவர் லேபிள் போட வந்திருந்தார். 60-க்கு 80 மி.மீ. லேபிள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே, “தம்பி, அடியில இம்புட்டு இடம் சும்மா கெடக்கே. சேர்மானத்தைத் தமிழ்லயும் போட்டு, சாம்பார் வைக்கிற பக்குவத்தையும் நாலு வரி எழுதிருங்க” என்றார். திரையில் அந்தக் காலி இடம் மூன்று விரல் அகலம் இருந்தது உண்மை. அசலில் அது 12 மி.மீ., ஒரு சுண்டுவிரல் கணக்கு. மேஜையில் கிடந்த பழைய லேபிள் ஒன்றின் அடியில் விரலை வைத்துக் காட்டினேன். “இதுக்குள்ளயா?” என்று அவரே சிரித்துவிட்டு, சாம்பார் பக்குவத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். கடை அலமாரிக்கும் வாங்க வருகிறவருக்கும் நடுவில் மூன்று அடி இருக்கும். கையில் எடுத்தபிறகுதான் ஒரு முழம். திரையில் நாங்கள் இரண்டு பேரும் அரை முழத்தில் உட்கார்ந்திருந்தோம்.

லேபிள் வேலையில் இன்னொரு சங்கடம், சட்டத்துக்கு ஜூம் தெரியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்கிற சைவக் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் முன்முகம் 100 சதுர செ.மீ. வரை இருந்தால், பச்சை வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மி.மீ., அதைச் சுற்றிய சதுரத்தின் பக்கம் அதைப்போல இரண்டு மடங்கு. முழு எச்டி 24 அங்குல மானிட்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றரைப் பிக்சல் சொச்சம்தான் உண்டு. ஆக, அசல் அளவில் அந்த வட்டம் பதினொரு பிக்சல். வேலை செய்கிற ஜூமில் அதுவே ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரியும். ‘இது ரொம்பப் பெருசா, அசிங்கமா இருக்கே’ என்று குறைக்கச் சொல்லுவார்கள். குறைத்தால் அச்சில் கடுகு.

பார்கோடும் இதே கதை. நம் கடைகளில் புழங்குகிற இஏஎன்-13 கோட்டின் நிலையான அளவு 37.29-க்கு 25.93 மி.மீ. 80 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. 60 மி.மீ. லேபிளில் பாதி அகலத்தை அது எடுத்துக்கொள்ளும். கஸ்டமர் முகத்தைச் சுளிப்பார். ஆனால் கடைக்காரரின் ஸ்கேனர் அழகு பார்க்காது, கோட்டின் தடிமனை மட்டும் பார்க்கும்.

எழுத்தின் பாயின்ட் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 72 பாயின்ட் என்றால் ஓர் அங்குலம் என்று எல்லாருக்கும் தெரியும். அதை வைத்து 72 பாயின்ட் எழுத்து ஓர் அங்குல உயரம் இருக்கும் என்று நினைத்தால் போச்சு. அந்த அங்குலம் எழுத்து உட்கார்ந்திருக்கிற கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் அளவு. ஏரியல் எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய எழுத்து 72 பாயின்டில் 18 மி.மீ. சொச்சம்தான் வரும். அப்படியானால் 3 மி.மீ. உயரத்துக்கு எழுத்து வேண்டுமென்றால் ஏறக்குறைய 12 பாயின்ட் போடவேண்டும். தமிழ் எழுத்துருக்களில் இது இன்னும் தாறுமாறு. கொம்பும் சுழியும் மேலே கீழே இழுக்கிற இழுப்பில், ஒரே 10 பாயின்டில் ஓர் எழுத்துரு குண்டாகவும் இன்னொன்று பட்டினி கிடந்ததுபோலவும் நிற்கும். பாயின்டை நம்பாமல் எழுத்தைக் கர்வ்ஸாக மாற்றிவிட்டு மேல் பட்டையில் உயரம் எத்தனை மி.மீ. என்று பார்த்துக்கொள்வதுதான் என் வழக்கம். பொட்டலத்தில் எடையையும் விலையையும் எழுதுவதற்கான விதிகளும் மில்லிமீட்டரில்தான் பேசுகின்றன.

‘அதான் 100 சதவீதம்னு ஒண்ணு இருக்கே, அதுல வச்சுப் பாத்தா ஆச்சு’ என்று நீங்கள் கேட்கலாம். அந்த 100 சதவீதத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1984-ல் வந்த முதல் மெக்கின்டோஷின் 9 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள். அச்சுத் தொழிலில் அங்குலத்துக்கு 72 பாயின்ட். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தின. திரையில் தெரிந்த கடிதத்தின் மேல் அச்சடித்த கடிதத்தை வைத்தால் வரிக்கு வரி உட்காரும். அந்தச் சௌகரியம் அத்தோடு சரி. விண்டோஸ் 96 புள்ளியை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டது. இணையப் பக்கங்களின் சிஎஸ்எஸ் இலக்கணத்திலும் ஓர் அங்குலம் என்றால் எப்போதும் 96 பிக்சல். உங்கள் திரை எவ்வளவு பெரியது, எவ்வளவு நெருக்கமானது என்பதைப் பற்றி அந்த அங்குலத்துக்குக் கவலையே கிடையாது. பேருக்குத்தான் அங்குலம்.

இதனால் என்ன ஆகிறது என்று ஏ4 தாளை வைத்தே சொல்கிறேன். தாளின் அகலம் 210 மி.மீ. அங்குலத்துக்கு 96 என்று கணக்குப் போடுகிற மென்பொருளில் அதை 100 சதவீதத்தில் திறந்தால் 794 பிக்சல். முழு எச்டி 24 அங்குல மானிட்டரில் அது 220 மி.மீ. ஆகத் தெரியும், பரவாயில்லை. அதே பிக்சல் எண்ணிக்கை உள்ள 27 அங்குல மானிட்டரில் 247. 15.6 அங்குல லேப்டாப்பிலோ வெறும் 143 மி.மீ., ஏறக்குறைய ஏ5 தாள்! விண்டோஸில் 125 சதவீத ஸ்கேலிங் போட்டிருந்தால் அது 178 ஆகும். ஆபீஸ் மானிட்டரில் ‘கச்சிதம்’ என்று பட்ட விசிட்டிங் கார்டு வீட்டு லேப்டாப்பில் தபால்தலை மாதிரி தெரிவதும், வீட்டில் பெரிதாக்கி வைத்தது மறுநாள் ஆபீஸில் பூதமாக நிற்பதும் இதனால்தான்.

இதற்கு மருந்து பர்ஸிலேயே இருக்கிறது. ஏடிஎம் கார்டு. உலகத்தில் எந்த வங்கி கொடுத்தாலும் அதன் அளவு 85.60-க்கு 53.98 மி.மீ. கோரலிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ அதே அளவில் ஒரு செவ்வகம் போடுங்கள். கார்டைத் திரைமேல் ஒட்டிப் பிடித்து, செவ்வகம் கார்டோடு சரியாகப் பொருந்தும்வரை ஜூமைக் கூட்டுங்கள், குறையுங்கள். பொருந்திய இடத்தில் இருக்கும் சதவீதம்தான் உங்கள் மானிட்டரின் உண்மையான நூறு. 96 கணக்கில் ஓடுகிற மென்பொருளானால் மேலே சொன்ன லேப்டாப்பில் அது 147 பக்கம் வரும், 24 அங்குல மானிட்டரில் 96 பக்கம். அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி மானிட்டர் விளிம்பில் ஒட்டிவிடுங்கள். கார்டு கையில் இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம் போதும், விட்டம் 27 மி.மீ.

மென்பொருள்காரர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியாமல் இல்லை. கோரலில் ஜூம் கருவிக்கான ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ‘காலிபிரேட் ரூலர்ஸ்’ என்று ஒரு பொத்தான் பல வருஷமாக இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரைமேல் வைத்துச் சரிபார்க்கலாம். இங்க்ஸ்கேப்பிலும் அதேபோல் ஸ்கேல் வைத்துத் திருத்துகிற வசதி உண்டு. போட்டோஷாப்பில் ‘பிரின்ட் சைஸ்’ இருக்கிறது, ஆனால் உங்கள் திரையில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று முதலில் நீங்கள் அதற்குச் சொல்லியிருக்கவேண்டும். இல்லஸ்ட்ரேட்டரின் புதிய பதிப்புகள் 100 சதவீதத்தை அச்சு அளவாகவே காட்ட முயல்கின்றன. இவற்றையெல்லாம் தொட்டுப் பார்த்தவர்கள் நான் அறிந்த டிசைன் சென்டர்களில் ரொம்பக் குறைவு.

அச்சடித்துப் பார்ப்பதை வேறு எதுவும் ஜெயிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதா ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரின்ட். பிரின்ட் பெட்டியில் ‘ஃபிட்’ என்று டிக் ஆகியிருந்தால் ஓரம் விடுவதற்காக இயந்திரம் சத்தமில்லாமல் கொஞ்சம் சுருக்கிவிடும், அதை ‘ஆக்சுவல் சைஸ்’ என்று மாற்றவேண்டும். வந்ததும் ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு, கத்தரியால் வெட்டி, அதே பாட்டிலில் ஒட்டி, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கவேண்டும். பாட்டிலின் வளைவில் லேபிளின் இரண்டு ஓரமும் கண்ணுக்கு மறைந்துபோகும். தட்டையான திரை அதைச் சொல்லவே சொல்லாது.

இப்படிச் செய்வதை ஏதோ வசதியில்லாதவன் வேலையாக நினைக்கிறவர்களுக்கு ஜெஃப் ஹாக்கின்ஸ் கதையைச் சொல்வேன். 1996-ல் வந்த பாம் பைலட் கையடக்கக் கருவியை உருவாக்கியவர். கருவி பிறப்பதற்கு முன்பே, சட்டைப் பையில் போகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதோடு அலைந்தார். கூட்டத்தில் யாராவது நேரம் கேட்டால் கட்டையை வெளியே எடுத்து, சின்னக் குச்சியால் அதைத் தட்டி, நாட்குறிப்பில் எழுதுவதுபோல் பாவனை செய்வார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. பையில் கனக்கிறதா, கையில் பிடிக்க வருகிறதா என்ற கேள்விகளுக்கு அந்தக் கட்டைதான் பதில் சொன்னது. இன்று அது கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, பெரிய சமாச்சாரத்துக்கு வருவோம். ஃபிளெக்ஸ்.

பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவருக்கு 10-க்கு 8 அடி போர்டு. டிசைனை ஜேபெக் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன். “ஏம்ப்பா, போன் நம்பர் கண்ணுக்கே தெரியலையே. எறும்பு ஊர்ந்த மாதிரில்லா இருக்கு!”

இந்த மாதிரி போன் வந்தால் டிசைனர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். ‘அண்ணாச்சி, அது போன்ல பாக்குறதால அப்படி. போர்டுல மூணு அங்குல உயரம் வரும், மூணு அங்குலம்!’ இந்தப் பதில் சரிதானா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி போர்டு அவர் போனில் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் தெரிகிறது, அதாவது 45-ல் ஒரு பங்கு. போனை ஓரடி தூரத்தில் பிடித்துப் பார்க்கிறார். அப்படியானால் அசல் போர்டை 45 அடி தள்ளி நின்று பார்ப்பதும் இதுவும் கண்ணுக்கு ஒன்றே. அவர் கடைக்கு எதிர்ச்சாரியில் நிற்கிறவருக்கும் போர்டுக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். அவரையும் அறியாமல் அண்ணாச்சி சரியான இடத்தில் நின்று பார்த்திருக்கிறார்!

மானிட்டர் முன்னால் இருந்த நான்? போர்டு 45 செ.மீ. அகலத்தில் தெரிந்தது, ஏழில் ஒரு பங்கு என்று வையுங்கள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஆக, போர்டிலிருந்து பதினான்கடி. அந்தத் தூரத்தில் நின்று போர்டைப் பார்க்கப்போவது அதைக் கட்டுகிற ஆள் மட்டும்தான். ஃபிளெக்ஸ் டிசைன்களில் பாதி இப்படித்தான் நெரிசலாகிறது. பதினான்கடியில் எல்லாம் நன்றாகத் தெரிவதால், கிளை முகவரி, ஜிஎஸ்டி எண், சாமி படம், மூன்று தலைமுறை போட்டோ என்று திணித்துக்கொண்டே போவோம்.

இப்போதெல்லாம் போர்டு முடிந்ததும் மானிட்டரிலேயே அதை ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறேன். அது பத்தடி போர்டை நூறடி தள்ளி, பஸ்ஸிலிருந்து பார்ப்பதற்குச் சமம். கடைப்பெயரும், என்ன கடை என்பதும் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் அங்கே வெறும் கோலப்பொடி.

போர்டு எழுதுகிறவர்களிடம் பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று ஒரு கணக்கு உண்டு. கண் டாக்டரின் அட்டையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நல்ல பார்வை உள்ளவர் 6 மீட்டரில் நின்று படிக்கிற வரியின் எழுத்து 8.7 மி.மீ. உயரம். 6 மீட்டர் கிட்டத்தட்ட இருபதடி, போர்டு கணக்குப்படி இரண்டு அங்குலம், 50 மி.மீ. சொச்சம். அட்டையைப்போல ஆறு மடங்கு. அந்த ஆறு மடங்கு தாராளம் என்று தோன்றலாம். ஆனால் டாக்டர் அறையில் வெயில் கண்ணைக் கூசச் செய்வதில்லை, நாற்காலி ஓடுவதில்லை, அட்டையில் ‘ணி’யும் ‘ஞ’வும் கிடையாது. சுழி அடைத்துக்கொள்ளும் நம் எழுத்துக்கு நான் இன்னும் கால்பங்கு கூட்டியே வைப்பேன். அண்ணாச்சியின் போன் நம்பர் கடைசியில் ஐந்தரை அங்குலம் ஆனது, ஜிஎஸ்டி எண் இறங்கிப்போனது.

தூரம் தலைகீழாக உதவுவதும் உண்டு. போட்டோஷாப்பில் ஃபிளெக்ஸ் போடுகிறவர்கள் அடிக்கு அங்குலம் என்று வைத்து, பத்தடியைப் பத்து அங்குலமாக 300 டிபிஐயில் செய்வார்கள். அச்சில் அது அங்குலத்துக்கு 25 புள்ளியாக நீர்த்துவிடும், ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீட்டர். படிக்கிற பையன்கள் இதைக் கேட்டுப் பதறுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர்ப் புள்ளியைச் சாதாரணக் கண் பிரித்துப் பார்ப்பது மூன்றரை மீட்டர்வரைதான். அதற்கு மேல் தள்ளிப் போனால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். உயரத்தில் கட்டுகிற போர்டுக்கு அது போதாதா?

அடிக்கு அங்குலம் என்று வேலை செய்கிற ஊரில் ஒற்றைக் கோடு அடி, இரட்டைக் கோடு அங்குலம் என்பதில் கவனம் வேண்டும். 1984-ல் வந்த ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ என்ற ஆங்கிலப் படத்தில் ஒரு ராக் குழு, மேடைக்குப் பின்னால் 18 அடி ஸ்டோன்ஹெஞ்ச் கல் நிற்கவேண்டுமென்று கைத்துடைப்புக் காகிதத்தில் வரைந்து கொடுக்கும். கோடு ஒன்று கூடிப்போய் 18 அங்குலத்தில் வந்து இறங்கும். சினிமா நகைச்சுவைதான். முப்பரிமாணப் பிரின்ட்டுக்குக் கொடுக்கிற எஸ்டிஎல் கோப்பில் அலகு என்பதே எழுதப்படுவதில்லை என்பதால், அங்குலத்தில் வரைந்த பொம்மை மில்லிமீட்டராகப் படிக்கப்பட்டு 25.4-ல் ஒரு பங்காக, நகத்தளவில் வெளியே வருவது இன்றும் நடக்கிறது.

சென்னை அண்ணா சாலையில் கையால் வரைந்த சினிமா பேனர்களும் கட்அவுட்களும் நின்ற காலத்து ஓவியர்கள்மேல் இந்த விஷயத்தில் எனக்குப் பொறாமையாக இருக்கும். சின்ன ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய துணியில் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக வரைவார்கள். முன்னால் நிற்பது கதாநாயகனின் கன்னம் மட்டும். ஆனால் அந்தக் கன்னம் தன் நெஞ்சுயரம் இருக்கிறது என்பது வரைகிறவர் உடம்புக்குத் தெரியும். பத்தடி பின்னால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். எங்களுக்கு அந்த நடை கிடையாது. மவுஸ் சக்கரம்தான்.

கடைசியாக, மனிதன் உள்ளே போய் வாழ்கிற சமாச்சாரம். வீடு.

சித்தப்பா மகன் வீடு கட்டுகிறான். படுக்கையறையின் 3டி படம் ஒன்றை அனுப்பி, “அண்ணே, பாத்தீங்களா, 10-க்கு 10 ரூமு எவ்வளவு பெருசா வருது!” என்றான். படத்தில் அறை ஹோட்டல் சூட் மாதிரி விரிந்து கிடந்தது. பொய் எதுவும் இல்லை, அளவெல்லாம் சரி. கேமராதான் அகலக்கோணம். பக்கவாட்டில் 90 டிகிரி பார்க்கிற கேமரா வைத்து எடுத்த படத்தைச் சரியான ஆழத்தோடு பார்க்கவேண்டுமானால், படத்தின் அகலத்தில் பாதித் தூரத்தில் கண்ணை வைக்கவேண்டும். மானிட்டரில் 50 செ.மீ. என்றால் 25 செ.மீ. தூரத்தில். போனைக் குறுக்காகப் பிடித்தால் ஏழு சென்டிமீட்டரில். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. தள்ளி நின்று பார்க்கப் பார்க்க, எதிர்ச் சுவர் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். விற்கிறவர்களுக்கு அது வசதி.

பிளானை வாங்கிப் பார்த்தேன். 5-க்கு ஆறரை அடி கட்டில், தலைமாடு ஒரு சுவரில். கால்மாட்டுக்கு எதிரே இரண்டடி ஆழ அலமாரி. பத்தில் ஆறரையும் இரண்டும் போனால் மிச்சம் ஒன்றரை அடி. திரையில் அது அழகான நடைபாதை. அலமாரிக் கதவு ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்கு மேல். திறந்தால் கட்டிலில் இடிக்கும். இடையில் நிற்கிறவர் எங்கே போவார் என்று பிளானில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் பிளானில் யாரும் இல்லை.

ஸ்கெட்ச்அப் திறந்தவுடன் வெற்றுத் தரையில் ஒரு மனித உருவம் நிற்கும். நிறைய பேர் முதல் வேலையாக அதை அழித்துவிடுகிறார்கள். அதை விட்டுவைப்பது நல்லது, உங்கள் வீட்டு ஆள் உயரத்துக்கு மாற்றி வைப்பது இன்னும் நல்லது. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே தன் ‘மாடுலர்’ அளவு முறைக்கு முதலில் 175 செ.மீ. ஆளை வைத்துக்கொண்டார், பிறகு 183 என்று, அதாவது ஆறடி ஆளாக, மாற்றினார். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் கம்பீரமான போலீஸ்காரர்கள் எப்போதும் ஆறடி என்பதும் அதற்கு ஒரு காரணமாம். சண்டிகரில் அந்த முறை கட்டடமாகவே நிற்கிறது. ஆனால் வேறொருவர் உயரத்துக்கு வைத்த அளவு நம் வீட்டுக்குப் பொருந்தாது. அமெரிக்கச் சமையல் மேடை 36 அங்குலம். ஐந்தடி உயர அம்மா அதில் தோசை சுட்டால் தோள்பட்டை போய்விடும்.

தம்பியிடம் இவ்வளவையும் விளக்கவில்லை. அலமாரி செய்யவந்த ஆசாரி பிளைவுட்டில் அசல் அளவுக்கே கோடு போட்டுத்தான் எதையும் வெட்டுவார். அவரையே கூட்டிக்கொண்டு போய், சிமென்ட் தரையில் கட்டிலும் அலமாரியும் வருகிற இடத்தைச் சாக்பீஸால் வரையச் சொன்னேன். தம்பி வீட்டுக்காரி கோட்டுக்கு நடுவில் நின்று, இல்லாத கதவை இழுத்துத் திறந்து பார்த்துவிட்டு, “இதுல நான் கட்டில்மேல ஏறி நின்னுதான் சேலை எடுக்கணும்” என்றாள்.

“ஸ்லைடிங் போட்டுரலாம்மா. ஆனா சேனல் நல்லதா வாங்கித் தரணும். மட்டமானதுன்னா ஆறு மாசத்துல இழுக்க வராது” என்றார் ஆசாரி.

ஸ்லைடிங் வேண்டாம், கட்டிலைத் திருப்பிப் போட்டால் அலமாரிப் பக்கம் மூன்றடி கிடைக்கிறது என்று அவள் கோட்டை அழித்து மாற்றி வரைந்திருக்கிறாள். அப்படிப் போட்டால் ஏசி நேர் தலைக்கு மேல் வருகிறது, சுவரை மறுபடி உடைக்கவேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் ஒரு பக்கம் முறைத்துக்கொண்டிருக்கிறார்.